மாண்ட்ரியலில் ஐந்தாவது நிறுத்தம்

மாண்ட்ரியலுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மகள் ஜெனிக்குப் பரீட்சை, அதற்குத்தான் போனேன். முப்பத்தோரு வயதுப் பெண்ணின் பரீட்சைக்கு அம்மா எதற்கு விமானம் ஏற வேண்டும் என்று தூத்துக்குடியில் கேட்காத ஆளில்லை. நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். எத்தனை பிட்டுப் பேப்பரைப் பிடுங்கியிருப்பேன்! ஹால் வாசலில் ஃபிளாஸ்கும் கையுமாக நிற்கும் அம்மாக்களைப் பார்த்து, 'இவளுகளுக்கு வேற வேலையே கிடையாதா' என்று முனகியிருக்கிறேன். இப்போது நானே ஒரு டப்பா மக்ரூனை மடியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டினேன். வாய்க்கொழுப்புக்குத் தண்டனை.

பரீட்சை என்றால் உட்கார்ந்து எழுதுவது அல்ல, நடப்பது. ஜெனி இங்கே ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். ஊரில் சரித்திரம் எம்.ஏ. படித்த பெண். சுற்றுலாக்காரர்களை மாண்ட்ரியலின் பழைய ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லும் ஒரு சின்னக் கம்பெனி, 'பழைய ஊரை உண்டாக்கிய பெண்கள்' என்று புதிதாக ஒரு நடை தொடங்குகிறது. அதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும். ஒரு மணி நேரம், நான்கு நிறுத்தம், எல்லாம் பிரெஞ்சில். போன இலையுதிர் காலத்தில் வேறொரு நடைக்குப் போய், நடுவழியில் வாயடைத்துத் தோற்றுவிட்டாள்.

இந்தத் தடவையும் தோற்றால் குடும்பத்தோடு டொராண்டோ என்று மருமகன் ரூபன் முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே அவர் அண்ணன் மாடி வீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். டொராண்டோவில் ஜெனியின் பிரெஞ்சை யார் சீந்துவார்கள்? நாலு வருஷமாக மெட்ரோவில் போகவர உட்கார்ந்து படித்த பாஷை. 'நீங்க பக்கத்துல இருந்தா பயம் போகும்மா' என்று போனில் சொன்னாள். போனேன்.

புதன்கிழமை இறங்கினேன். ஏப்ரல் பாதி தாண்டியும் தெருவோரம் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. பனியையே பார்க்காத எங்கள் ஊரில் பனிமய மாதாவுக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிறோம். ஐம்பத்தெட்டு வயதில் நிஜப் பனியைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்பெட்டிக்கு அடியில் சேர்கிற கசடு மாதிரித்தான் இருந்தது.

ஜெனியின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மேலே போனால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சம்பந்தியம்மா எமில்டா நின்றார்.

"வாங்கோ அக்கா. களைச்சுப் போனியள். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

அக்காவாம்! அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். கல்யாணத்தின்போதே நான் இவரை 'மதினி' என்று கூப்பிட்டுக் காட்டினேன். ம்ஹூம், அக்காதான். யாழ்ப்பாணம் குருநகர்க்காரர். பழைய ஊரில் இருக்கும் கோர்ட்டுக் கட்டடத்தில் பதினெட்டு வருஷம் தரை துடைத்து, போன வருஷம்தான் வேலையை விட்டிருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, என்ன நினைக்கிறார்கள் என்றே தெரியாது.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். சொதியில் இத்தனை பால் ஊற்றுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டு வாங்கினேன். ஜெனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் "என்னம்மா, காரம் போதுமா?" என்பாள். அடுத்த நொடி அந்தப் பக்கம் திரும்பி "ஓம் மாமி, வாறன்" என்பாள். ஒரு வாய்க்குள் இரண்டு ஊர். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை. ஜெனி சமையலறையை நான்காகப் பிரித்தாள். ஃபிரிட்ஜ்தான் முதல் நிறுத்தமான சிலை. அடுப்பு ஆஸ்பத்திரி, மேசை குதிரை லாயம், ஜன்னல் மாதா கோயில். எனக்காகத் தமிழில் ஒருமுறை, தனக்காகப் பிரெஞ்சில் ஒருமுறை. எமில்டா ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் நான் கைதட்டினேன். எமில்டா தலை நிமிராமல் கேட்டார்: "மற்றவ எங்கை, பிள்ளை?"

"யார் மாமி?"

"ஊருக்கு நெருப்பு வைச்சவ எண்டு தூக்கிலை போட்டவையே, அந்தக் கறுத்த அடிமைப் பெட்டை."

ஜெனியின் முகம் சுண்டிப்போனது. "அது ரூட்டிலை இல்லை மாமி. அதைச் சொன்னா வந்த ஆக்களின்ரை முகம் செத்துப்போகும் எண்டு கொம்பனியிலை சொல்லிப்போட்டினம்."

எமில்டா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது இல்லாத கேள்வியைக் கிளப்பிப் பிள்ளையைக் குழப்புகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை அந்த எரிச்சல் சந்தேகமாகிவிட்டது. பால் வாங்க நானே தெரு முனை தெப்பனருக்குப் போனேன். பெட்டிக்கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். திரும்பும்போது வழி தவறிவிட்டது. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாப் படிக்கட்டும் ஒரே மாதிரி. கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு கிரேக்கக் கிழவி என் பால் பையைப் பிடுங்கிக்கொண்டு, தெரியாத பாஷையில் திட்டிக்கொண்டே வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். படியேறி உள்ளே நுழையும்போது எமில்டா போனில் பேசுவது கேட்டது.

"ஓம் ஓம். நாளைக்குத்தான். சரிவராட்டி இந்த மாதமே அங்கை வந்திடுவம்... வந்தால் உன்னோடைதான் இருப்பன், வேறை எங்கை?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. பால் பையோடு அப்படியே நின்றேன். அட பாவி மனுஷி, என் பிள்ளை தோற்க வேண்டும் என்றா காத்துக்கொண்டிருக்கிறாய்? ஜெனியிடம் சொல்லலாமா? பரீட்சைக்கு முந்தின நாள் சொல்வதா? வாயைக் கட்டிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இடி விழுந்தது. பரீட்சையில் ஜெனிக்குப் பின்னால் ஐந்து பேர் சுற்றுலாக்காரர்களாக நடக்க வேண்டும். மூன்று பேரைக் கம்பெனி கொண்டுவரும், இரண்டு பேரை ஜெனி கொண்டுவர வேண்டும். ஆனால் வீட்டு ஆட்கள் கூடாது. வீட்டு ஆட்கள் எதற்கெடுத்தாலும் தலையாட்டுவார்கள் என்பதால் அப்படி ஒரு விதி. சலவைக்கூடத் தோழிகள் இரண்டு பேர் வருவதாக இருந்தது. அன்று பஸ் வேலைநிறுத்தம். பகல் ஷிஃப்டுக்கு ஆள் வந்து சேராததால், இரவு ஷிஃப்ட் முடிந்த அந்த இருவரையும் வேலையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு ஜெனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பது வருஷம் பிட்டுப் பிடித்த நான் சொன்னேன்: "ஏட்டி, நாங்க ரெண்டு பேரும் வாறோம். யாரோ மாதிரி நிக்கோம். எங்க நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?"

"அம்மா, தெரிஞ்சா அவ்வளவுதான்."

"எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்க மாட்டேன்."

எமில்டா குறுக்கே வந்தார். "பொய் சொல்லிப் போறது சரியில்லை, அக்கா. ஆக்கள் வரேல்லை எண்டு உண்மையைச் சொல்லி, வேறை நாள் கேக்கலாமே?"

வேறு நாள் கேட்டால் தருவார்களா? தராமல் போனால்? அதுதானே இந்த அம்மாவுக்கு வேண்டியது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வர இஷ்டமில்லைன்னா விடுங்க மதினி, நான் தெருவுல போற யாரையாவது கூட்டிக்கிடுதேன்" என்றேன். அவர் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டார்.

மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்றுபோனது. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் என்னவோ சொன்னாள். "பொறுக்கட்டாம்" என்றார் எமில்டா. ஜெனி இரண்டு வரிசை தள்ளி, முன்பின் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலிலிருந்தே அப்படி நடிக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நேரம் ஒன்பதே முக்கால், பரீட்சை பத்துக்கு. பக்கத்தில் ஒரு ஆள் நிதானமாக வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவனைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது. பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ரயில் நகர்ந்தது.

ஜெனி ஓடினாள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனோம். சிலை இருக்கும் சதுக்கத்தில் ஒரு மாணவ ஜோடி, கைத்தடியோடு ஒரு பெரியவர், சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள். அவர்தான் பரீட்சை நடத்துபவர், மதாம் செலீன். அறுபது வயதிருக்கும். கையில் கோப்பு. மார்க் போடும் ஆள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியும்: சிரிக்கும்போதும் கண் சிரிக்காது.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று ஊளையிட்டது. ஓடி வந்ததில் ஜெனியின் கோட்டு திறந்து கிடந்தது, கழுத்து தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடி என் கை அவள் கழுத்துக்கிட்டே மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது. ஜெனியின் கண் பெரிதானது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்தப் பதற்றத்தை மறைக்க டப்பாவைத் திறந்து மதாமிடம் மக்ரூனை நீட்டினேன். விமானத்தில் பாதி நொறுங்கியிருந்தது. அந்தம்மா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரீட்சை நடக்கும்போது கூடாது, நன்றி" என்றார் இங்கிலீஷில்.

ஜெனி தொடங்கினாள். பாஷை புரியாவிட்டாலும் சமையலறை ஒத்திகை எனக்கு மனப்பாடம். சதுக்கத்தின் நடுவில் ஊரை நிறுவியவர் கொடியோடு உச்சியில் நிற்கிறார். பீடத்தின் மூலையில், கீழே, ஒரு பெண் குனிந்து ஒரு குழந்தையின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாதியும்தான் இந்த ஊரை நிறுவினாள். ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொடுத்து, படை வரவழைத்து, அழியப்போன ஊரைக் காப்பாற்றினாள். அவளும் நிறுவனர்தான் என்று நகரம் ஒத்துக்கொள்ள முந்நூறு வருஷத்துக்கு மேல் பிடித்ததாம். பெரியவர் சிலையை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டு மூலையைக் குனிந்து பார்த்தார். நல்ல அறிகுறி.

இரண்டாவது நிறுத்தம் அந்த ஆஸ்பத்திரி இருந்த இடம். இப்போது கடை. மூன்றாவது, குதிரை லாயத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆசிரியையின் கதை. கப்பலில் வந்து இறங்கிய கல்யாணமாகாத பெண்களையெல்லாம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். மாப்பிள்ளைகள் அங்கேதான் வந்து நிற்பார்களாம். பெண்கள் முதலில் கேட்பது, 'வீடு கட்டிவிட்டாயா?' இல்லை என்றால் அடுத்த ஆள். எங்கள் பக்கம் 'எத்தனை பவுன்' என்று அல்லவா கேட்கிறார்கள்! வீட்டில் இதைக் கேட்டு எமில்டாவும் நானும் ஒன்றாகச் சிரித்திருந்தோம். இப்போதும் என்னையறியாமல் அவர் பக்கம் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜெனி ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நான்காவது நிறுத்தம் மாதா கோயில். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. பிழைத்துக் கரை சேர்ந்த மாலுமிகள் கொடுத்த காணிக்கை. கடற்கரைக்காரிக்கு அதைப் பார்த்தால் கண் கலங்காதா? இந்தக் கோயிலைக் கட்டவைத்ததும் அதே ஆசிரியைதான். வெளியே வந்தோம். முடிந்தது. இனி ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான் பாக்கி. மாணவர்கள் ஏதோ கேட்டார்கள், ஜெனி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். மதாமின் பேனா வேகமாக ஓடியது. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

அப்போது எமில்டா கையை உயர்த்தினார்.

அவர் பிரெஞ்சில் கேட்டார். உடைந்த பிரெஞ்சுதான், ஆனால் பயமில்லாத பிரெஞ்சு. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. புரியத் தேவையும் இல்லை. ஜெனியின் முகம் வெளுத்ததைப் பார்த்தாலே போதும். மற்றவள் எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்.

பாவி, பாவி, பாவி. கழுத்தறுத்துவிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே அவர் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. ஜெனியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. போன தடவை இப்படித்தான் நின்றிருப்பாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பதினொன்று எண்ணும்வரை அவள் பேசவில்லை.

பிறகு பேசினாள். மெதுவாக, ஒத்திகையில் இல்லாத குரலில். பெரியவர் கைத்தடியை ஊன்றித் திரும்பினார். எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள்.

"எங்க போறாவ?" என்று கேட்டேன், யாரோ மாதிரி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் மறந்து.

"இந்தக் கேள்விக்கு மறுமொழி இஞ்சை இல்லை, பத்து நிமிச நடை, வாறியளோ எண்டு கேட்டவள்" என்றார் எமில்டா.

மேட்டுப் பாதை. மதாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். பேனா பைக்குள் போய்விட்டது. அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? விடைத்தாளை மூடிவைத்துவிட்டார். முழங்கால் வலி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். எமில்டா என் கையைப் பிடிக்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

ஒரு மெட்ரோ வாசலுக்குப் பக்கத்தில் சின்னச் சதுக்கம், புல், ஒரு பெயர்ப்பலகை. ஜெனி அதன் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். எமில்டா என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதுவும் ஓர் ஏப்ரல் மாதமாம். ஊரிலை நெருப்புப் பிடிச்சது. தாதியின்ரை ஆஸ்பத்திரியும் எரிஞ்சு போச்சுது... ஒரு விதவையின்ரை வீட்டு அடிமை இவ. இவதான் வைச்சவ எண்டு ஊரே கதைச்சது. கண்டவர் ஒருத்தரும் இல்லை. பேந்து ஒரு அஞ்சு வயசுக் குழந்தை வந்து கண்டனான் எண்டு சொன்னது... அவவின்ரை காலை நெரிச்சுச் சித்திரவதை செய்தவங்கள். அதுக்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டவ. ஆரோடை சேர்ந்து செய்தனி எண்டு கேட்டதுக்கு, ஒருத்தருமில்லை, நான் மட்டும்தான் எண்டவ. கடைசிவரை வேறை பேர் சொல்லேல்லை."

அவர் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எமில்டா என்னைப் பார்க்கவில்லை, ஜெனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும், தமிழில், உரக்கக் கேட்டார்.

"அந்த வாக்குமூலத்திலை அவ கையெழுத்து வைச்சவவோ, பிள்ளை?"

"இல்லை மாமி. எழுதத் தெரியாது எண்டு சொன்னவவாம். அப்படித்தான் பத்திரத்திலை எழுதி வைச்சிருக்கினம்."

"என்ரை தங்கச்சி வைச்சவள்" என்றார் எமில்டா. "ஊரிலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள் நீட்டின தாள், தெரியாத பாஷையிலை எழுதினது. என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லேல்லை. வைச்சால் விடுறம் எண்டவங்கள். வைச்சவள். அதுக்குப் பேந்து ஆறு வருசம் உள்ளுக்கு இருந்தவள்."

அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் ஆகியும் ஜெனிக்கு இது தெரியாது. அவள் வந்து மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மெதுவாக மதாம் பக்கம் திரும்பினாள். ஒரு வாக்கியம்தான் சொன்னாள், எமில்டாவையும் என்னையும் கை காட்டி. மாமியார், அம்மா.

"யோசனை என்னுடையது" என்று நான் இங்கிலீஷில் கத்தினேன். "அவள் வேண்டாம் என்றாள். நான்தான் வந்தேன்."

"எனக்கு முதல் நிமிஷமே தெரியும்" என்றார் மதாம். "முன்பின் தெரியாதவர்கள் பொத்தான் போட்டுவிட மாட்டார்கள்."

இந்தப் பரீட்சை செல்லாது என்றார். ஆட்கள் வரவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தால் தேதி மாற்றிக் கொடுத்திருப்பாராம். எமில்டா சொன்ன அதே வார்த்தை! எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை, ஐந்து பேரையும் கம்பெனியே கொண்டுவரும், அதுதான் கடைசி. பிறகு அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டி ஜெனியிடம் சொன்னார்: "முதலாளி இந்த இடத்தை வேண்டாம் என்றுதான் நான்கோடு நிறுத்தினார். சேர்ப்பதும் விடுவதும் உன் பொறுப்பு. நான் பார்ப்பதை எழுதுவேன்."

அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரூபன் ஒரே பிடியாக நின்றார். "அதை விடும் ஜெனி. நாலோடை நிப்பாட்டிப் பாஸ் பண்ணும், காணும்." நானும் அதையேதான் சொன்னேன். கேட்காத கேள்விக்கு விடை எழுதினால் மார்க் கிடையாது, முப்பது வருஷ அனுபவம். ஜெனி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எமில்டா வெங்காயம் உரித்தார்.

வியாழக்கிழமை என்னால் அடக்க முடியவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். "மதினி, நேரா கேக்கேன். நீங்க போன்ல பேசுனத நான் கேட்டேன். டொராண்டோ போகணும்னுதானே அவளை அப்படி மாட்டிவிட்டீங்க?"

எமில்டா கத்தியைக் கீழே வைத்தார். "ரொறொன்ரோவிலைதான் என்ரை தங்கச்சி இருக்கிறாள். அவளோடை போய் இருக்க எனக்கு ஆசைதான், அக்கா. நான் மறைக்கேல்லை. அதுக்காக இந்தப் பிள்ளை தோக்க வேணும் எண்டு நினைப்பனோ?"

"அப்ப ஏன் கேட்டீங்க?"

"பதினெட்டு வருசம் அந்த இடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனனான். எத்தினையோ பேர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறதைக் கண்டனான். அதிலை நிண்டு ஒருத்தரும் கதை சொன்னதை நான் காணேல்லை. எங்கடை பிள்ளையும் சொல்லாமல் போனால், பேந்து ஆர் சொல்லுறது?"

மிச்ச வெங்காயத்தை எடுத்து நானும் உரிக்கத் தொடங்கினேன். அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜெனி தனியாகக் கிளம்பிப் போனாள். எங்களை வரக்கூடாது என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தோம். சிலைப் பக்கம் போகவில்லை. நேராக அந்த மெட்ரோ வாசலுக்குப் போய், சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மடியில் மக்ரூன் டப்பா. வருவாள் என்றால் பதினொன்றே காலுக்குள் வர வேண்டும்.

பதினொன்று ஆனது. பதினொன்று பத்து. பதினொன்றே கால். மேட்டில் யாரும் இல்லை. நான்கோடு நிறுத்திவிட்டாள், நல்லபடியாக முடித்திருப்பாள், நான் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள். சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. வாயேன்டி, வந்துவிடேன்டி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எமில்டா என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை கொடுத்தேன்.

பதினொன்று இருபதுக்கு மேட்டில் சிவப்புக் கோட்டு தெரிந்தது. அதற்கு முன்னால் ஜெனி. பின்னால் முகம் தெரியாத ஐந்து பேர். எங்களைத் தாண்டித்தான் போனாள். எங்களைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். முகத்தில் ஒரு அசைவு இல்லை. நாங்கள் யாரோ. மேல் பொத்தான் திறந்துதான் இருந்தது. என் கையை எமில்டா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜெனி சொன்னாள். எமில்டா எனக்குக் கிசுகிசுத்தார். ஐந்து பேரில் ஒரு பெண் கேட்டாள்: "அப்படியென்றால் அவள் தீ வைத்தாளா, இல்லையா?"

"தெரியாது எண்டு சொல்லுறாள்" என்றார் எமில்டா. "அவ வேறை ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை, கையெழுத்தும் வைக்கேல்லை, அது மட்டும் எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லுறாள்."

ஆட்கள் கலைந்தார்கள். மதாம் நின்றபடியே எதையோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். என் வாழ்க்கையில் நான் மார்க் போட அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. பிறகு கோப்பை மூடிவிட்டு, ஜெனியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நேராக எங்கள் பெஞ்சுக்கு நடந்து வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்றோம்.

"இப்போது பரீட்சை முடிந்துவிட்டது" என்றார் இங்கிலீஷில். கையை நீட்டினார். டப்பாவைத் திறந்தேன். உடையாத ஒன்றைத் தேடி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "செவ்வாய்க்கிழமை முதல் நடை. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஐந்து நிறுத்தம்." இன்னொன்றையும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மெட்ரோவுக்குள் இறங்கிப் போனார்.

ஜெனி சதுக்கத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் முதலில் அந்தப் பொத்தானைப் போட்டேன், அப்புறம்தான் அழுதேன்.

எமில்டா கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டார். காற்றில் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"நாங்கள் அங்கை வரேல்லை... ஓம், பிள்ளை பாஸ். அழாதையடி. நீ ஒருக்கா பஸ் எடுத்து இஞ்சை வா. என்ரை மருமகள் ஒரு கதை சொல்லுவாள். நீ வந்து நிண்டு கேக்க வேணும்."